ரூட்டர் அண்ணாச்சி

தென்காசியில் தெருவுக்கு ஒரு ரூட்டர் அண்ணாச்சி உண்டு. டெலிபோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாத்திரக்கடை வைத்திருப்பார், இல்லையென்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட். "மச்சுல சிக்னல் வரமாட்டேங்கு" என்று யார் வாயிலிருந்தாவது விழ வேண்டியதுதான், வாசலில் அவர் செருப்பு கிடக்கும். கையில் மஞ்சப்பை. உள்ளே பழைய ரூட்டர் ஒன்று, கிரிம்பிங் டூல், ஒரு பிடி ஆர்ஜே45 ஜாக்.

இந்த இனம் இப்படிப் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 2011-ல் பக்கத்து மத்தளம்பாறைக்கு ஸோகோ மென்பொருள் கம்பெனி வந்தது. 2020-ல் கொரோனா வந்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகளை லேப்டாப்போடு ஊருக்கு ஏற்றி அனுப்பியது. பழைய தெரு வீடுகளோ தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடி கனம். இணைப்புக் கொடுத்தவர் தார்சாவில் டி.வி.க்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். பையன் மீட்டிங்கில் பேசுவது மச்சில்.

அண்ணாச்சி முதலில் போனை ஏந்திக்கொண்டு வீட்டை அளப்பார்.

"தார்சால நாப்பத்திரெண்டு. பட்டாசல்ல முப்பது. இங்க மூணு! ஆச்சி, இந்த பீரோவ யாரு இங்க வச்சது?"

"எங்க அம்மா குடுத்த சீரு."

"இரும்புல்லா? சிக்னல மறிக்கும்."

"அம்பது வருசமா அங்கதான் நிக்கு. உன் சிக்னல் நேத்து வந்தது."

பீரோ நகராது. அண்ணாச்சி அடுத்த வேலைக்குப் போவார்.

அவரிடம் சொல்லக் கூடாதது ஒன்று உண்டு. "சாரல்ல சிக்னல் நனைஞ்சிருமோ?" என்று கேட்டால் போச்சு. "சாரலாவது தூத்தலாவது! எதிரி சுவருல்லா!" அஞ்சு கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும், ரெண்டு புள்ளி நாலு மெதுவானது, ஆனால் கொஞ்சம் முட்டிக்கொண்டாவது வரும் என்பார். சரியான பேச்சுதான். வயரில்லாத ரிப்பீட்டர் என்றால் இன்னும் கோபம்: ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் பாதி வேகம் போய்விடும். ஆகவே கேபிள். "நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும். நாம என்ன ஐந்தருவி வரைக்குமா இழுக்கப் போறோம்?"

காரைச் சுவரில் துளை போடும் படலத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. முற்றத்தில் காய்ந்த கூழ்வற்றலை ஆச்சி மறுபடி கழுவியதைச் சொன்னால் போதும்.

அதன் பிறகு நடப்பது நிஜமான வித்தை. பழைய ரூட்டருக்கு 192.168.1.2 என்று புது முகவரி. அதிலுள்ள டிஹெச்சிபி-யை அணைப்பார். கேபிளை வேன் துளையில் சொருகாமல் லேன் துளையில் சொருகுவார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட்; சேனல் மட்டும் கீழே 1, மேலே 11. டிஹெச்சிபி-யை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டேன். "பந்தியில எடம் காட்ட ஒருத்தந்தான் நிக்கணும். ரெண்டு பேரு நின்னா ஒரே எலைக்கு ரெண்டு ஆளு வந்து உக்காந்துருவான்." எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

காசு வாங்க மாட்டார். காப்பி மட்டும். ஆனால் அட்மின் பாஸ்வேர்டை அடிக்கும்போது இடது கையால் திரையை மறைத்துக்கொள்வார். அதை வீட்டுக்காரருக்குச் சொல்லவும் மாட்டார். "ஒங்களுக்கு எதுக்கு? நான் இருக்கம்லா?"

அன்றிலிருந்து அந்த வீடு அவர் போனில் இருக்கிறது. ஆப்பைத் திறந்தால் யார் வீட்டில் எத்தனை கருவி ஓடுகிறது என்று தெரியும். ஆனி, ஆடியில் குற்றாலம் சீசன். பேரருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் புரோட்டா தின்று வருகிற சொந்தபந்தம், துண்டைக் காயப்போடும் முன் பாஸ்வேர்ட் கேட்கும். ஊரில் யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்கு முன்னால் அறிபவர் அண்ணாச்சிதான். காலையில் போன் வரும்.

"மைனி, நேத்து ராத்திரி பதினாலு போன் தெரிஞ்சுது. மதுரக்காரவ வந்துட்டாவளோ?"

"ஆமா அண்ணாச்சி, மத்தியானம் விருந்து. நெட்டு நல்லாத்தான் ஓடுது."

"இல்ல மைனி, சேனல் ஒண்ணு மாத்தணும். சுமார் ஒரு மணிக்கு வாரேன்."