சித்திரைப் பிள்ளை ஆகாதா?

கேள்வி: மே மாதம் பிறந்தவர்களுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் அதிகம் வருமாமே? என் மகள் சித்திரையில் பிறந்தவள். 'ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில் பிறக்கும், புருஷன் வீட்டுக்கு அனுப்பாதேன்னு அப்பவே சொன்னேன்' என்கிறார் மாமியார்.
– ஒரு தாய், ஃபீனிக்ஸ் பே, போர்ட் பிளேர்

பதில்: கவலையை விடுங்கள், அம்மா. கனடா, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நாடுகளின் 42,045 நோயாளிகளை வைத்து 2005இல் வந்த ஆய்வு அது. மே பிறப்பு சற்றுக் கூடுதல், நவம்பர் சற்றுக் குறைவு. குளிர்காலக் கர்ப்பிணிக்கு வெயிலும் வைட்டமின் டியும் குறைவதாலோ என்று சந்தேகித்தார்கள். பிரிட்டனின் எடின்பரோவில் டிசம்பர் பகல் 7 மணி நேரம்தான். உங்கள் போர்ட் பிளேரில் சுமார் பதினொன்றரை. மார்கழியிலும் சூரியன் லீவு போடாத ஊர்! மாதவாரிப் பிறப்பு எண்ணிக்கை ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறுவதால் வந்த மயக்கமே அந்த மே மாதக் கணக்கு என்று 2013இல் இன்னொரு ஆய்வு சொல்லிவிட்டது. ஆனால் இந்த நோயின் அறிகுறியாக ஒரு கண் பார்வை சில நாள் மங்கினால், கால் மரத்தே கிடந்தால், ஐப்பசியில் பிறந்தவரும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.