பேராண்டிக்குத் தாத்தன் சொல்லும் தேர்தல் புத்தி

அமெரிக்காவுக்கே ஜனாதிபதி ஆகப்போறியாமே பேராண்டி? நல்லது. பிறந்தது நியூஜெர்சி, வளர்ந்ததும் அங்கதான், வயசும் 35 தாண்டியாச்சு. சட்டம் கேக்குறது அம்புட்டுத்தான். சட்டம் கேக்காத ஒண்ணும் வேணும்: எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் தெரியாத மூஞ்சி. அதுக்குத்தான் இந்தப் பாடம்.

முதல்ல, நிக்கப்போறேன்னு உளறிராத. "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்"னு மட்டும் சொல்லு. 2015-ல ஜெப் புஷ் ஜூன் மாசம் வரைக்கும் யோசிச்சார். அவர் யோசிக்க யோசிக்க, 'ரைட் டு ரைஸ்'ங்கிற சூப்பர் பேக்ல, அதாவது வேட்பாளருக்காக வெளியில நின்னு காசு திரட்டிச் செலவழிக்கிற அமைப்புல, பணம் கொட்டுச்சு. அரை வருஷத்துல 10 கோடி டாலருக்கு மேல! வேட்பாளர்னு அறிவிச்சுட்டா இப்படிக் கணக்கு வழக்கில்லாம கேட்டு வாங்க முடியாதுல்ல?

அப்புறம், கட்சி ஆபீஸ் வாசல்ல சால்வையோட நின்னா சீட்டு கிடைக்கும்னு நினைக்காத. அந்தக் காலம் 1968-ஓட போச்சு. அந்த வருஷம் ஹூபர்ட் ஹம்ஃப்ரி, பிரைமரிங்கிற உட்கட்சித் தேர்தல் ஒண்ணுலகூட நிக்காம சிகாகோ மாநாட்டுல ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். வெளியில தெருவெல்லாம் தடியடி. அதுக்கப்புறம் கட்சி விதியையே மாத்திப்புட்டாங்க. 2024-ல பைடன் விலகி கமலா ஹாரிஸ் வந்தது எப்பவாச்சும் அடிக்கிற யோகம். அதை நம்பி நீ துண்டு போட்டு வைக்காத. மாநிலம் மாநிலமா ஓட்டு வாங்கி, பிரதிநிதிகளைச் சேர்த்தாத்தான் மாநாட்டுல உன் பேரைச் சொல்லுவாங்க.

அதுக்கு ஆகஸ்ட்ல அயோவா மாநிலப் பொருட்காட்சிக்குப் போகணும். அங்க வெண்ணெயிலயே முழுசா ஒரு பசு செஞ்சு வச்சிருப்பாங்க. பக்கத்துல நின்னு படம் எடுத்துக்க. குச்சியோட பன்றிக்கறி கொடுப்பாங்க. நீ சைவம்னு எனக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்ப காசு விஷயம். 2024 தேர்தல் கணக்குப்படி ஒரு ஆளு வேட்பாளருக்கு, பிரைமரிக்கு 3,300 டாலர், பொதுத்தேர்தலுக்கு இன்னொரு 3,300 டாலர், அதுக்கு மேல கொடுக்கக்கூடாது. 200 டாலரைத் தாண்டினா பேரு, ஊரு, தொழில் எல்லாத்தையும் மொய் நோட்டு மாதிரி எழுதிக் காட்டணும். இது முன்வாசல். கொல்லைப்புறத்தை 2010-ல கோர்ட்டே திறந்து விட்டுருச்சு. சூப்பர் பேக்ல கோடியாக் கொட்டலாம். வேட்பாளர்கிட்ட கலந்து பேசாம செலவழிக்கணும், அம்புட்டுத்தான் கட்டுப்பாடு. நடத்துறவன் உன் பழைய ஆளா இருந்தாலும், "யாரோ நல்லவங்க எனக்காக விளம்பரம் போடுறாங்கபோல"ன்னு நீ ஆச்சரியப்படணும்.

2012-ல ஸ்டீபன் கோல்பேர்ங்கிற நகைச்சுவைக்காரர், வக்கீலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, தன் சூப்பர் பேக்கை டிவியிலயே கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட் கையில கொடுத்தார். கலந்து பேசிக்கலைன்னு ரெண்டு பேரும் எல்லாரும் பாக்கப் பேசிக்கிட்டாங்க. ஊரே சிரிச்சுது, சட்டம் சிரிக்கல. தேர்தல் ஆணையத்துல ஆறு நாற்காலி, ஒரு கட்சிக்கு மூணுக்கு மேல கிடையாது. நடவடிக்கைக்கு நாலு ஓட்டு வேணும். மூணுக்கு மூணுன்னு நின்னா யாரைப் பிடிக்கிறது?

ஆனா ஒண்ணு. இந்தத் தெரியாத மூஞ்சி ஓட்டுப் போடுறவனுக்கும் வரும். விளம்பரத்தை எல்லாம் பாப்பான், கையைக் குலுக்குவான், குத்துறதை வேற எங்கயாச்சும் குத்துவான். அம்புட்டுக் கோடி இருந்தும் ஜெப் புஷ்ஷுக்குத் தேறினது நாலே பிரதிநிதி. 2020-ல ப்ளூம்பெர்க்குங்கிற கோடீஸ்வரர் சொந்தக் காசு 100 கோடி டாலருக்கு மேல இறைச்சார். ஜெயிச்ச ஒரே இடம் பசிபிக் கடல்ல இருக்கிற அமெரிக்கன் சமோவா. ஜனாதிபதித் தேர்தல்ல அந்தத் தீவுக்கு ஓட்டே கிடையாது!

என்ன, தாத்தா பங்குக்கு எவ்வளவுன்னு கேக்குறியா? கொடுக்கத்தான் மனசு துடிக்குது. வெளிநாட்டுக்காரன் பணம் கொடுத்தா குத்தம்னு உங்க ஊர்ச் சட்டமே சொல்லுதேடா. சட்டத்தை மீறலாமா?