வான்கோழிக் கனவான்

அமெரிக்க தேசத்தில் ஏப்ரல் மாதம் பிறந்து, குளிர் விட்டு, ஓக் மரங்கள் துளிர்க்கத் தொடங்கியதும், பல் வைத்தியம், வீட்டுமனைத் தரகு, இன்ஷ்யூரன்ஸ் முதலிய சாத்விகமான தொழில்களில் ஆண்டு முழுவதும் காலங்கழித்த கனவான்கள் சிலருக்கு, மிஸௌரிக்கோ டெக்ஸாஸுக்கோ போய், ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கட்டணம் செலுத்தி, ஒரு வான்கோழியிடம் அவமானப்பட்டு வரவேண்டும் என்னும் தாபம் உண்டாகிவிடுகிறது. மயிலைப் பார்த்து ஆடப் புகுந்த அசட்டுப் பறவை என்றே வான்கோழியை அறிந்திருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பண்ணையில் கொழுத்துப் பண்டிகைக்குத் தலைகொடுக்கும் வெள்ளைப் பறவை வேறு. இரவில் மரக்கிளையில் உறங்கி, வேண்டியபோது பறந்து, மனிதனின் விரல் அசைந்தாலும் கண்டுகொள்ளும் காட்டுப் பறவை வேறு. அதற்கு மோப்பசக்தி போதாது என்பது ஒன்றைத்தான் வேட்டைக்காரர்கள் பகவானின் கருணையாகக் கருதுகிறார்கள்.

நம் கனவான் முகாமில் வந்து இறங்கும் கோலமே தனி. இலையும் பட்டையும் அச்சடித்த உடுப்பு, முகத்திரை, கையுறை. உட்காருவதற்கு மெத்தை தைத்த, பைகள் எத்தனை என்று அவருக்கே நிச்சயமில்லாத ஒரு மேல்சட்டை. பெட்டைக்கோழியின் குரலை எழுப்புவதற்கென்றே அப்பைகளில் ஒரு வாத்திய கோஷ்டி குடியிருக்கும்: மூடியை உராய்த்தால் கத்தும் மரப்பெட்டி, குச்சியால் தேய்க்கும் ஸ்லேட்டு, மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் ரப்பர்ச் சவ்வு. மரப்பெட்டிக்கு ஆர்கன்ஸாவைச் சேர்ந்த ஹென்றி கிப்ஸன் 1897-லேயே காப்புரிமை பெற்றார். நம்மவர் அதைப் பெற்றது சென்ற வாரம். இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவே ஒரு தியாகமும் உண்டு. தேசபக்தியில் எவருக்கும் குறையாத இம்மனிதர், தேசக்கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றில் எதுவும் உடம்பில் தெரியாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். சேவலின் தலைக்கும் அவையே நிறங்களாதலால், மற்றொரு வேட்டைக்காரர் ஆளறியாமல் சுட்டுவிடக்கூடும்.

எஞ்சிய காரியங்களையெல்லாம் வழிகாட்டி பார்த்துக்கொள்கிறார். முந்தின நாள் அந்தியில் ஆந்தைபோல் அலறி, திடுக்கிட்ட சேவல் எந்த மரத்திலிருந்து பதில் முழங்குகிறது என்று குறித்துவைப்பதும், விடியுமுன் கனவானை எழுப்பி இருட்டில் கைப்பிடித்து அழைத்துப்போவதும், ரப்பர்ப் பெட்டையைப் புல்தரையில் நட்டுவைப்பதும், பிறகு கொஞ்சிக் கூப்பிடுவதும் அவர் பொறுப்பு. இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. சேவல் முழங்கினால் பெட்டைதான் தேடிப் போகவேண்டும் என்பது அப்பறவைகளின் குலாசாரம். வழிகாட்டியோ அந்த ஆசாரத்தைத் தலைகீழாக்கி, சேவல் தம்மைத் தேடி வரவேண்டும் என்கிறார். ஆசாரத்தில் பற்றுள்ள கிழச்சேவல் நூறு கஜம் தள்ளி நின்று, தோகையை விரித்து, 'நீயே வா' என்று ஒரு மணி நேரம் முழங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்கும் கனவான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: மரத்தில் முதுகைச் சாய்த்து, துப்பாக்கியை முழங்காலில் வைத்து, அசையாமல் இருப்பது. பணம் கொடுத்து வாங்க முடியாத ஒரே உபகரணம் இதுவாகையால் இதைத்தான் அவர் கொண்டுவருவதில்லை. முதலில் மூக்கு அரிக்கும். பிறகு உண்ணி ஊர்வதாக ஒரு பிரமை. பிறகு, வழிகாட்டியின் கொஞ்சலில் ஏதோ சுருதி பேதம் இருப்பதாகத் தோன்றி, தம் மரப்பெட்டியையும் ஒருமுறை உராய்த்தாலென்ன என்ற சபலம். இவற்றையெல்லாம் வென்று, சேவலும் மனமிரங்கி நாற்பது கஜத்துக்குள் வந்து, மார்பில் தொங்கும் தாடி காலை வெயிலில் தெரியும் தருணத்தில், முகத்திரைக்குள் விட்ட மூச்சினால் மூக்குக்கண்ணாடி மூடுபனி போர்த்துக்கொள்ளும். வழிகாட்டி உதடசையாமல், "கையை எடுக்காதீர்கள்" என்பார். கை அதற்குள் கண்ணாடிக்குப் போயிருக்கும். சேவல் 'புட்' என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு மறைந்துவிடும்.

நியாயம் பேசுவதானால், இவரைப் பார்த்து முழுமனதாகச் சிரிப்பதற்கில்லை. காடழிந்தும், கண்டபடி சுட்டும், 1930-களில் அப்பறவைக் குலம் பல மாகாணங்களில் அற்றே போயிருந்தது. பிறகு வெடியால் பாயும் வலைகளை வீசி, காட்டுப் பறவைகளையே பிடித்து, வெற்றுக் காடுகளில் கொண்டுபோய் விட்டு வளர்த்தார்கள். மிஸௌரியில் 1960-ல் வசந்த வேட்டையை மறுபடி அனுமதித்தபோது மூன்றே நாள்தான் கொடுத்தார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்து, வனஜீவிகளுக்கென்றே ஒதுக்கும் வரி 1937-ம் வருஷத்துச் சட்டத்தால் வந்தது; ஆகவே கனவான் குறிதவறிச் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் வான்கோழிக் குலத்துக்கு அவர் செய்யும் தர்மமே. அந்த வகையில் அவரைவிடப் பெரிய தர்மவான் கிடைப்பது அரிது.

கடைசி நாள், ஆசாரமறியாத ஓர் இளஞ்சேவல் தானாகவே ஓடிவந்து விழுந்துவிடுகிறது. இரவுச் சாப்பாட்டில் கதை ஆரம்பிக்கும்போது 'நாங்கள்' என்றிருப்பது, உருளைக்கிழங்கு வருவதற்குள் 'நானும் வழிகாட்டியும்' என்றாகி, பழப்பணியாரம் வருகையில் 'நான்' மட்டும் மிஞ்சுகிறது. கிழக்கு, ரியோ கிராண்டி, மெரியம், ஃப்ளாரிடாவின் ஆஸியோலா என்ற நான்கு வகையையும் வீழ்த்தி 'கிராண்ட் ஸ்லாம்' பெற்றுவிடுவதென்று அங்கேயே சங்கல்பம் செய்துகொள்கிறார். அன்றுதான் முகாமுக்கு வந்திறங்கிய புதிய கனவான் ஒருவர் பயபக்தியுடன் ரகசியத்தைக் கேட்கிறார். "அசையாமல் இருப்பதுதான் ஐயா, வேறென்ன!" என்று நம்மவர் இரு கைகளையும் வீசிச் சொன்ன வேகத்தில் காப்பிக் கோப்பை கவிழ்கிறது, வழிகாட்டி துணி எடுத்துவந்து மேஜையைத் துடைக்கிறார்.