பூனைக் கதவு: மஸ்ஜித் இந்தியாவை முன்வைத்து ஒரு விசாரணை

பூனையைப் பற்றித் தமிழர் சொல்லாமல் விட்டது மிகக் கொஞ்சம். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளசுக்குக் 'குட்டி' என்ற பெயர் உரியது என்று வகுத்தது. பழமொழி அதற்கு மணி கட்டுவது யார் என்று கேட்டது. மாமல்லபுரத்துச் சிற்பி அதைக் கைதூக்கித் தவம் செய்ய வைத்து, காலடியில் எலிகளையும் கூட்டினான். இத்தனை பேரும் தொடாத கேள்வி ஒன்று உண்டு: பூனை வீட்டுக்குள் எந்த வழியாக வரவேண்டும்? இது அற்பக் கேள்வி என்பாரும் உளர். அவர்கள் விடியற்காலை நாலு மணிக்குக் கதவைச் சுரண்டும் சத்தம் கேட்டு எழுந்தவர் அல்லர் என்க.

இவ்விசாரணையின் களம் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்கு இணையாக ஓடும் தெரு. புடவைக் கடை, நகைக்கடை, பணமாற்றுக் கடை, அத்தர் கடை, நாசி கண்டார் கடை என்று நெருக்கியடித்து நிற்பது. தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசலை 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொடங்கினார்கள். இன்று நிற்கும் கட்டடம் 1960-களில் எழுந்தது. பூனைகள் எப்போது வந்தன என்பதற்குக் கல்வெட்டு இல்லை. சாப்பாட்டுக் கடைகள் வந்த மறுநாள் வந்திருக்கும் என்று கொள்வதில் பிழையில்லை.

முதலில் முன்னோர் ஆய்வு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. பிஷப் வில்லியம் காட்டனின் பூனைக்காக 1598-இல் தச்சருக்கு எட்டு பென்னி கொடுத்து வெட்டியது. கடிகாரத்தின் கயிறுகளுக்குப் பூசிய கொழுப்பைத் தின்ன எலிகள் வந்தன. எலிகளைத் தின்னப் பூனை போகவேண்டும். பூனை போக ஓட்டை வேண்டும். அதே ஆலயத்தின் கணக்கேட்டில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்று காலாண்டுக்குப் பதின்மூன்று பென்னி பற்று எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஓட்டை சலுகை அன்று; சம்பளம் வாங்கும் ஊழியருக்கான பணியாளர் வாசல்.

பூனைக் கதவைக் கண்டுபிடித்தவர் நியூட்டன், தாய்க்குப் பெரிதும் குட்டிக்குச் சிறிதுமாக இரண்டு ஓட்டை போட்டார் என்றொரு கதை உலகெங்கும் உலவுகிறது. 1827-இல் வெளியான கேம்பிரிட்ஜ் நினைவு நூல் ஒன்று, டிரினிட்டி கல்லூரியில் அவர் அறைக் கதவில் அடைக்கப்பட்ட இரண்டு ஓட்டைகள் அந்த அளவுகளிலேயே இருந்ததாகச் சாட்சி சொல்கிறது. ஆனால் அவரிடம் எழுத்தராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டன், எசமானர் அறையில் நாயும் இல்லை பூனையும் இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓட்டை உண்டு, பூனை இல்லை. போதாததற்கு, எக்ஸிட்டர் தச்சர் எட்டு பென்னியை வாங்கிச் செலவழித்து 44 ஆண்டுகள் கழித்துத்தான் நியூட்டன் பிறந்தார்.

பூனையையே கேட்டுவிடலாமே என்றால், அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1975-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று போட்டுவிட்டு, முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, தம் சயாமியப் பூனையை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கினார். பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் அதை வெளியிட்டது. கட்டுரைப் பொருள் ஹீலியம். கதவு பற்றி வில்லார்ட் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

இனி நம் தெரு. இவ்வாய்வின் துணிபு இது: பூனைக் கதவு குளிர்நாட்டுக்காரனின் கண்டுபிடிப்பு, மஸ்ஜித் இந்தியாவின் பழைய கடைவீட்டுக்கு அது தேவைப்படவே இல்லை, ஏனெனில் அந்தக் கட்டடம் முழுவதுமே பூனைக்குத் திறந்தது. 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைத் துடைத்தெடுத்தன. அதன்பின் அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கலும் ஓடும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் கட்டாயப்படுத்தினார். அந்தச் செங்கல்லுக்குச் சூளை வைத்த இடம்தான் இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ். செங்கல் கடைவீட்டோடு முன்வாசல் நடைபாதையும் வந்தது. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்தில் பிறந்து, தீபகற்பமெங்கும் பரவி, நம்மவர் வாயில் 'அஞ்சடி' ஆனது. பாதசாரி வெயிலில் காயாமலும் மழையில் நனையாமலும் நடக்க வேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில் முழுநேரமும் அதை அனுபவிப்பது பூனை. வீட்டுக்கு வெளியே ஆனால் கூரைக்குக் கீழே என்ற அந்த இடம், மதில்மேல் பூனைக்கு மதிலைவிட வசதி.

அஞ்சடியிலிருந்து உள்ளே போக ரோலர் ஷட்டர். இரவு பத்து மணி சுமாருக்கு இந்தத் தெருவின் ஏதாவது ஒரு ஜவுளிக் கடை முன்னால் நின்று பார்க்கலாம். கடைப் பையன் கொக்கிக் கம்பியை மாட்டி ஷட்டரைக் கடகடவென்று இழுக்கிறான். முழங்கால் உயரத்தில் நிறுத்துகிறான். "பாய், இறக்கிடவா?" உள்ளிருந்து கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டே பதில் வருகிறது: "பொறு தம்பி, ராணி இன்னும் வரல." ராணி எதிர்க்கடை அஞ்சடியில் காலை நக்கிக்கொண்டிருக்கிறாள். பையன் நாக்கைச் சுழற்றிக் கூப்பிடுகிறான். அவள் பார்க்கிறாள், மறுபடி காலை நக்குகிறாள். கணக்கு முடிகிறது, விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. கடைசியில், இனி மூடத்தான் போகிறார்கள் என்பது உறுதியான பிறகு, சாவகாசமாக எழுந்து வந்து, ஷட்டருக்கு அடியில் பாதி உடம்பு உள்ளே பாதி வெளியே என்று நின்றுகொள்கிறாள். உலகின் ஆகப் பெரிய பூனைக் கதவு அப்படியே அரை நிமிடம் தொங்குகிறது.

கடைக்காரர் காத்திருப்பதற்குக் காரணம் எலி மட்டும் என்று எண்ணுவது பொருளாதாரவாதிகளின் குறுகிய பார்வை. இந்தத் தெருவில் பூனைக்கு மார்க்கத் தரப்பிலும் ஆதரவு உண்டு. நபித்தோழர் அபூ கதாதா தொழுகைக்கு முன் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் என்று ஹதீஸ் சொல்கிறது. பூனை அசுத்தமானதல்ல, உங்களிடையே சுற்றித் திரிபவற்றில் ஒன்று என்பது அதற்கு அவர் சொன்ன நபிமொழி. பூனையைத் தீனி போடாமல் அடைத்து வைத்தே சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸும் பலருக்குத் தெரிந்ததே. சுற்றித் திரிவது ஒப்புக்கொள்ளப்பட்ட இயல்பு, அடைத்து வைப்பது குற்றம் என்றால், வீட்டுக்கதவு பற்றிய தீர்ப்பு தானாக வந்து விழுகிறது.

பிறகு ஏன் இன்று பூனைக் கதவு விற்கிறது? விடை ஏர்கோன். மேல்மாடியில் லூவர் ஜன்னலும், நடுவில் வெளிச்சக் கிணறும் இருந்த வரை பூனைக்கு ஆயிரம் வழி. ஏர்கோன் மாட்டியதும் முதலில் லூவர் போனது, பிறகு கதவு இறுக மூடியது. ஐரோப்பியன் குளிரை வெளியே வைக்கக் கதவடைத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிரை உள்ளே வைக்கக் கதவடைக்கிறார்கள். பூனையின் தரப்பில் இரண்டும் ஒரே அநியாயம்.

தேர்வுக்கு வருவோம். சந்தையில் மூன்று சாதி. ஒன்று, வெறுமனே ஆடும் பிளாஸ்டிக் பலகை. சில பத்து வெள்ளியோடு முடியும். உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், எதுவுமில்லை என்று நாலு நிலைப் பூட்டு இதில் உண்டு. 'உள்ளே மட்டும்' என்று வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர், உள்ளே வந்த பூனைக்கு வெளியே போகும் ஆசை வருவதற்கு எத்தனை நொடி ஆகும் என்பதை யோசிப்பதில்லை. இரண்டாவது, காந்தக் கதவு. கழுத்துப் பட்டையில் காந்தம் தொங்கும் பூனைக்கு மட்டும் திறக்கும். ஆணி, குண்டூசி, திருகு என்று தெருவில் கிடக்கும் இரும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வீடு வரும். தையல்காரர்கள் நிறைந்த மஸ்ஜித் இந்தியாவில் இதைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

மூன்றாவது, சிப் கதவு. பல நூறு வெள்ளி. கால்நடை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்தும் அரிசிமணி அளவுச் சில்லை இந்தக் கதவு படித்துத் திறக்கிறது. சில்லின் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ், அதில் இருக்கும் எண் 15 இலக்கம். மலேசியக் குடிமகனின் மைகார்டு எண்ணே 12 இலக்கம்தான் என்பதை இங்கே குறிப்பிட்டு மேலே செல்லலாம். காட்டோரத் தரைவீட்டுக்காரர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. சிப் இல்லாத கதவு, பூனைக்குத் திறப்பதுபோலவே முசாங் என்னும் மரநாய்க்கும் உடும்புக்கும் திறக்கும். குரங்குக்கு உள்ளே வரக் கதவே தேவையில்லை என்பதால் அது இந்த ஆய்வெல்லைக்குள் வராது.

அளவெடுப்பதில் இரண்டு எண்கள் போதும்: தோளின் அகலம், தரையிலிருந்து வயிற்றின் உயரம். பூனையின் காறையெலும்பு சின்னஞ்சிறியது. வேறெந்த எலும்போடும் மூட்டுப் போடாமல் தசையில் மிதப்பது. அதனால் தலை நுழைந்த ஓட்டையில் சாதாரணமாக உடம்பும் நுழைந்துவிடும். 'சாதாரணமாக' என்ற சொல்லை நாசி கண்டார் கடைப் பூனைகளை மனத்தில் வைத்தே எழுத நேர்கிறது. ஓட்டையின் கீழ்விளிம்பு வயிற்று உயரத்துக்குச் சரியாக இருந்தால் பூனை குதிக்காமல், தவழாமல், நடந்தே போகும். தரையோடு தரையாக வைப்பது கூடாது. கனமழை கொட்டித் தெரு நிறைந்தால், தண்ணீரிடம் எந்தக் கதவும் சிப் கேட்பதில்லை.

வாலை அளக்க வேண்டுமா என்பதில் உள்ளூருக்கு ஒரு சிறப்புச் சலுகை. மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பர்மா என்று பரந்த இப்பகுதியின் பூனைகளுக்கு வால் பாதிதான், நுனியில் முடிச்சும் இருக்கும் என்று 1868-இல் டார்வினே எழுதினார். இன்றும் அஞ்சடியில் படுத்திருக்கும் கூட்டத்தில் குட்டைவால், கொக்கிவால் கண்ணில் படாமல் போகாது. கதவு ஆடி மூடும்போது வால் நசுங்குவது நீளவால் இனங்களின் நிரந்தரக் குறை. பூனைக் கதவு தேவைப்படாத ஊரில், பூனைக் கதவுக்கென்றே அளவெடுத்த வாலோடு ஓர் இனம் வளர்ந்திருப்பதை இயற்கையின் தூரதிருஷ்டி என்பதா, விரயம் என்பதா?

பொருத்துவதில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. தரைவீட்டின் பின்கட்டு மரக்கதவு என்றால் வில்லங்கமில்லை: பென்சிலால் கோடு, நான்கு மூலையிலும் துளை, ஜிக்சா வாள், அரைநாள் வேலை. கண்ணாடி நகர்கதவு என்றால் முதலில் மூலையில் முத்திரை பார்க்க வேண்டும். டெம்பர் செய்த கண்ணாடியை யாராலும் வெட்ட முடியாது. வாள் பட்ட கணமே முழுப் பலகையும் நொறுங்கிக் கொட்டும். ஓட்டையோடு புதுக் கண்ணாடி வார்க்கச் சொல்வதே வழி. அடுக்குமாடியின் முன்கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. நெருப்பை இவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டங்கள் கேட்கின்றன. அதில் பூனையளவு ஓட்டை போட்டால் நெருப்பும் அதே வழியாக நடந்து வரும். பொம்பா எனும் தீயணைப்புப் படையினரிடம் விளக்கம் சொல்ல முடியாது. அதைத் தாண்டினாலும் 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகள் நிற்கின்றன: பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. தொல்லை எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நடைமுறையில் பக்கத்து வீட்டாரிடமே இருக்கிறது. கதவுக்கு முன்னால் இரும்பு கிரில் போட்ட வீட்டில், கிரிலுக்குப் பின்னே வலையடித்து அதில் கதவு வைப்பதே உத்தமம். வெட்டுவது வலையை மட்டும்தானே.

கதவு தயார், பூனை தயாரில்லை. பயிற்சி முறையில் வைணவம் ஏற்கெனவே இரண்டு வழி வகுத்துவிட்டது. தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகக் குட்டி சும்மா இருக்கும் மார்ஜார நியாயம் தென்கலையார் வழி. தாய்க்குரங்கைக் குட்டி தானே பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயம் வடகலையார் வழி. முதல் வழிப்படி பூனையைத் தூக்கி ஓட்டைக்குள் தள்ளுபவர்கள் கையில் நகக்குறியோடு திரும்புவார்கள். பூனையும் அதன்பின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அறிந்தவர்கள் சொல்வது இரண்டாவதை: பலகையை நாடாவால் தூக்கிக் கட்டிவிடு, மறுபக்கம் மத்தி மீன் வை, விலகி நில், முயற்சி பூனையினுடையதாக இருக்கட்டும், சில நாளில் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. ஆக, மார்ஜாரத்துக்குக் கதவு கற்பிக்க மர்க்கட நியாயமே உதவுகிறது.

தெற்கே ஜொகூர் பாலம் தாண்டினால் கேள்வியே தலைகீழ். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பல்லாண்டுகளாகப் பூனைக்கு அனுமதி இருக்கவில்லை. 2024 செப்டம்பர் 1 முதல்தான் வீட்டுக்கு இரண்டு என்று இடம் கிடைத்தது. சிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும். பூனை வெளியே திரியாமல், மாடியிலிருந்து விழாமல் ஜன்னலுக்கு வலையடித்துக் காக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் 2022 ஜூலை 1-இலோ அதன்பின்னோ பிறந்த பூனைகள் வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும். பறவைகளுக்கு இது நற்செய்தி. தச்சருக்கு அல்ல.

கடைசியாக வாடகைக்காரருக்கு ஒரு குறிப்பு. வெட்டியெடுத்த மரத்துண்டை எறிந்துவிடக் கூடாது. பின்பக்கத்தில் தேதியும் 'இந்தப் பக்கம் மேலே' என்றும் எழுதி, மரப்பசையும் நாலு திருகும் சேர்த்துப் பையில் கட்டி, மின்கட்டண ரசீதுகளோடு பத்திரப்படுத்த வேண்டும். வீட்டைக் காலி செய்யும் நாளில், வீட்டுக்காரர் கையிலிருக்கும் இரண்டு மாத முன்பணம் அந்தத் துண்டு பொருந்துகிறதா என்பதைப் பார்த்துத்தான் திரும்பும்.