கமானுக்கும் செருப்புக்கும் ஒரே தேர்வு

கேள்வி: அந்தக் காலத்து மோட்டார் காரின் கமான் பட்டை எத்தனை காலம் உழைக்கும் என்று எப்படிச் சோதித்தார்கள்? தோல் ஊர்க்காரனுக்கும் புரியும்படி சொல்லுங்கள்.
– வாசகர், ஆம்பூர்

பதில்: தோல் ஊர்க்காரருக்குத்தான் இது சட்டென்று புரியும்! கம்பியை ஒடிக்க நாம் என்ன செய்கிறோம்? சுத்தியலைத் தேடுவதில்லை, இப்படியும் அப்படியும் வளைக்கிறோம். எஃகுப் பட்டையும் அப்படித்தான்: ஒரே நாள் பாரத்துக்கு ஒடியாது, ஓயாத சிறு குலுக்கலில் களைத்து, விரிசல் விட்டு ஒடியும். ரயில் அச்சுகளை வைத்து 1860களிலேயே இதை நிறுவியவர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். அதே வழியில், பட்டையை இயந்திரத்தில் பூட்டி, ஒடியும்வரை மேலும் கீழும் அசைத்து எண்ணுவதே உழைப்புச் சோதனை.

இங்கே தோலுக்கும் பங்குண்டு. அடுக்கடுக்கான பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் காய்ந்து புழுதி புகுந்தால் துருவேறும், தேயும். அதனால் பழைய கார்களில் கமானுக்குத் தோலுறை மாட்டிக் கயிற்றால் இறுக்கினார்கள். எஃகுக்கே செருப்பு போட்ட பெருமை நம் தொழிலுக்கு!

உங்கள் ஊர்ச் செருப்புத் தோலுக்கும் இதே தேர்வுதான். மடித்துப் பிடித்த துண்டை ஃப்ளெக்ஸோமீட்டர் என்ற இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை மடக்கும். லட்சம் மடிப்புக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். பிறகு லென்ஸ் வைத்து வெடிப்பு தேடுவார்கள்.

முதல் முறை வளைவது யாருக்கும் எளிது. லட்சத்து ஓராவது முறையும் நிமிர்வதுதான் தரம்.