குட் நைட்டுங்க: முதலமடை வழக்கு குறித்த ஓர் ஆய்வு

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், மாந்தோப்புகளுக்குப் பேர்போன முதலமடையில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. பொழுது பார்த்து வணக்கத்தைப் பிரிக்கிற பழக்கம் வீட்டுப் பேச்சில் கிடையாது. "சாப்ட்டாச்சுங்களா" என்றால் எந்த நேரத்துக்கும் போதும். பெரிய மனிதர் எதிர்ப்பட்டால் மட்டும் ஆங்கிலம். அந்த ஆங்கிலம் தவறு என்பது பள்ளிக்கூடத்துத் தீர்ப்பு. இக்கட்டுரை அதன் மீதான மேல்முறையீடு.

பன்னிரண்டு அடித்துவிட்டால் குட் மார்னிங் செல்லாதாம். எந்த ஊர்ப் பன்னிரண்டு? நம் கடிகாரம் காட்டுவது 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் திட்ட நேரம், 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். (பம்பாய்க்காரர்கள் இதை ஏற்காமல் பல பத்தாண்டுகள் முரண்டு பிடித்தார்கள். அவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.) முதலமடை இருப்பதோ 76.75 பாகைக்குப் பக்கத்தில். பாகைக்கு நாலு நிமிஷம் என்றால், இங்கே சூரியன் சுமார் 23 நிமிஷம் தாமதம். மாங்காய் சீசனான பிப்ரவரி நடுவில், பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து செய்யும் கோளாறால் இன்னும் 14 நிமிஷம் கூடும். ஆக, உச்சிப்பொழுது 12.37. பன்னிரண்டரைக்கு லாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டே "குட் மார்னிங்குங்க" என்பவரைத் திருத்த நினைப்பவர், முதலில் சூரியனைத் திருத்திவிட்டு வரட்டும்.

அடுத்து "டுடே மார்னிங்". யெஸ்டர்டே மார்னிங் சரி, டுமாரோ மார்னிங் சரி, நடுவிலிருக்கும் டுடே மட்டும் கூடாதாம். "திஸ் மார்னிங்" என்று சுற்றிப் போக வேண்டுமாம். சுற்றிப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. ஆனால் சாலை வழியே அங்கே போகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை வழியாகத்தான் ஏற வேண்டும். அங்கே குறுக்கே மலையாவது இருக்கிறது. இலக்கணத்தில் என்ன இருக்கிறது? கேட்டால், "அதுதான் வழக்கு" என்பார்கள். முதலமடையிலும் இதுதான் வழக்கு.

இனி குட் நைட். விடைபெறும்போது மட்டுமே சொல்ல வேண்டும் என்கிறது புத்தகம். அப்படியானால் இரவில் வந்து சேர்பவர் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் அவருக்கும் குட் ஈவினிங்தான். தோப்புக் காவலுக்குப் பத்து மணிக்கு வருபவர் "குட் நைட்டுங்க" என்று சொல்லிக்கொண்டு நுழைகிறார். அந்த "ங்க" இல்லாவிட்டால்தான் குற்றம். ஒருநாள் அவர் புத்தகப்படி "குட் ஈவினிங்குங்க" என்று சொல்லட்டும்: சாயங்காலமே வந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப் பார்க்கிறான் என்றுதான் முதலாளி நினைப்பார்.