777

அக்குறணைக் கடைக்காரர் ஒருவரின் வேர்ட்பிரஸ் தளத்தில் புதுச் சரக்கின் படம் ஏறவில்லை. ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையாம். “என் கடை, என் காசு, எனக்கே அனுமதி இல்லையா?” என்று கொதித்தார். “777 போடுங்க நானா, எல்லாம் சரியாகும்” என்றான் கொம்பியூட்டர் தெரிந்த பொடியன். படம் ஏறியது.

ஃபோல்டரின் அனுமதி எண் 755 என்றால் உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். 777 என்றால் வந்தவன் போனவன் எல்லாம் எழுதலாம். அடைமழையில் அக்குறணையின் ஏ9 வீதிக் கடைகளுக்குள் நுழையும் பிங்கா ஓயா ஆறு வைத்திருப்பதும் இதே அனுமதிதான்.

மறுவாரம் தளம் முழுக்க சூதாட்ட விளம்பரம்.

நானாமார் கவனிக்க: ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. அப்போதும் படம் ஏறாவிட்டால், ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வேறொரு யூசர் பெயரில்தான் இருக்கும்.